நோன்பு மாதத்தில் எண்பது நீளம்

அந்த ஆளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. தாராவியில் எங்கள் தோல் பட்டறைக்குள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நுழைந்தான். இன்னொரு கையில் ஒரு சைக்கிள் சீட். அவனுக்கும் முப்பது முப்பத்தொன்று இருக்கும், என் வயதுதான். மாட்டுங்காவில் வீடு, ஒரு வங்கியில் ஆபீசர்.

"நன்னா தெச்சுக் கொடுப்பியா? ஃபாரின் சைக்கிளாக்கும். அத்திம்பேர் அமெரிக்காலேர்ந்து அனுப்பினது" என்றான்.

பார்த்த முதல் நிமிடத்திலேயே நீ, வா, போ. நான் அவனை 'நீங்க' என்றேன், 'சார்' என்றேன். பட்டறைக்கு வருகிறவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்பது காக்காவின் சட்டம். காக்கா என் மூத்த அண்ணன். பட்டறை அவருடையது, நான் அங்கே தோல் வெட்டுகிறவன். பத்து வருடமாக வெட்டிக்கொண்டிருந்தேன், யாரிடமும் நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை.

கிழிந்த தோலை நான் பிரித்துக்கொண்டிருந்தபோது அவன் சும்மா இருக்க மாட்டாமல் பேசினான். தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வருகிற டிசம்பரில் ஒரு போட்டி. முதலில் கடலில் நாலு கிலோமீட்டர் நீச்சல். கரையேறிய ஈரம் காய்வதற்குள் சைக்கிள், நூற்றெண்பது கிலோமீட்டர். அதிலிருந்து இறங்கியதும் ஓட்டம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். எல்லாம் ஒரே நாளில். வெளிநாட்டில் செய்கிறார்களாம், இங்கே இப்போதுதான் ஆரம்பம். சட்டைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் தாளை எடுத்துப் படம் காட்டினான்.

"நானும் வரலாமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. தினமும் வீடிருக்கும் சீத்தா கேம்பிலிருந்து தாராவிக்குச் சைக்கிளில்தான் வந்து போனேன். நீச்சல் சின்ன வயதிலேயே தெரியும். ஓடுவதற்கு யாரிடமும் கற்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் என் தகுதி.

அவன் என் கையைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான், பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. குழந்தை ஏரோப்ளேன் ஓட்டப் போகிறேன் என்றால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி. அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் சீட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டு அத்தோடு மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் சீட்டை வாங்க வந்தபோது தையலை விரலால் தடவிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "நிஜமாவே வரியா?" என்றான். அவனுக்கும் ஒரு தேவை இருந்தது. லாரிகள் ஓடும் டிராம்பே ரோட்டில் தனியாகச் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று அவன் மனைவி சத்தியம் வாங்கியிருந்தாளாம். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நான் அவனோடு சைக்கிள் ஓட்டினால், மாட்டுங்காவில் அவன் உறுப்பினராக இருக்கும் கிளப்பின் நீச்சல் குளத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை விருந்தாளியாகக் கூட்டிப் போவான்.

எனக்கு அவன் குளத்தைவிட அவன் கையெழுத்துத்தான் முக்கியம். போட்டிக்கு விண்ணப்பிக்கும் ஃபாரத்தில் ஒரு நிபந்தனை. இரண்டு கிலோமீட்டர் நிற்காமல் நீந்தியதை ஒரு நீச்சல் கிளப்பின் பொறுப்பாளர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இவன் அந்தக் கிளப்பின் நீச்சல் செக்ரெட்டரி. எனக்குத் தெரிந்த நீச்சல் கிளப் பொறுப்பாளர் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். கையெழுத்தோடு ஃபாரம் மே மாத நடுவுக்குள் போய்ச் சேரவில்லை என்றால் டிசம்பரும் இல்லை, கடலும் இல்லை.

காக்காவிடம் சொன்னேன். வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏல, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? தண்ணில கெடக்கணுமாம், சைக்கிள்ள போவணுமாம், பொறவு ஓடணுமாம். எவன்ல ஒன்னத் தொரத்துதான்?"

பட்டறை முழுக்கச் சிரித்தது. சாயங்காலம் வீட்டில் என் மனைவியும் ஏறக்குறைய அதையே கேட்டாள், கொஞ்சம் மரியாதையாக.

மார்ச் கடைசியில் அவன் பயிற்சி அட்டவணையைக் கொண்டுவந்தான். வங்கி டைப்ரைட்டரில் இங்கிலீஷில் அடித்தது. முப்பத்துநாலு வாரம், வாரத்துக்கு ஏழு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம், எத்தனை கிலோமீட்டர். செய்து முடித்தால் டிக் போட வேண்டும். வெள்ளிக்கிழமை ஓய்வு என்று இருந்தது. ஓய்வுக்குக்கூடக் கட்டம் போட்டிருந்தான். நான் அதுவரை இப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை. உள்ளுக்குள் பிடித்திருந்தது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் வாரம் தொடங்கும் தேதியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏப்ரலின் மூன்றாவது திங்கட்கிழமை. அந்த வருடம் நோன்பும் அன்றைக்கே, அல்லது மறுநாள், பிறையைப் பொறுத்து.

"அன்னைக்கு எங்களுக்கு நோன்பு தொடங்குது சார்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? டிசம்பர்லேர்ந்து பின்னாடி எண்ணிண்டு வந்தா அந்தத் தேதிதான் வரது. முடியலேன்னா சொல்லிடு."

முடியலேன்னா சொல்லிடு. வேறு என்ன சொல்லியிருந்தாலும் பேசிப் பார்த்திருப்பேன். முதல் நாலு வாரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் செய்தும் இருப்பான். ஆனால் அந்த ஆளிடம் குறைத்துக் கொடு என்று கேட்பதற்கு என் நாக்கு வளையாது. "முடியும்" என்று சொல்லி அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நோன்பு மாதத்தில் கை சோர்ந்துவிடும், மதியத்துக்கு மேல் கத்தி நேர்க்கோட்டில் போகாது. ஆனால் பெருநாளுக்கான சரக்கு, பெல்ட், பர்ஸ், கைப்பை எல்லாம் அந்த மாதத்தில்தான் கடைகளுக்குப் போயாக வேண்டும். அதனால் நோன்புக்கு முந்தின இரண்டு மூன்று வாரம் இரண்டு பங்கு வேலை செய்து எல்லாவற்றையும் வெட்டி, தைத்து, சுவரோரம் அடுக்கிவிடுவோம். நோன்பு வந்ததும் அடுக்கிலிருந்து எடுத்து அனுப்பிக்கொண்டே இருப்போம். அந்த வருடமும் காக்கா ஆளாளுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "நோன்புக்குள்ள கைக்கு வலு இருக்காதுல. இப்பமே அடுக்கி வச்சிருங்க."

நான் அட்டவணையை எடுத்தேன். நோன்பு தொடங்கப் பதினாறு நாள் இருந்தது. முதல் நாலு வாரத்துக் கட்டங்கள் இருபத்தெட்டு. ஓய்வுக் கட்டங்களைத் தள்ளினால் இருபத்துநாலு. பெருநாள் சரக்கை முடிக்கிற ஆட்களுக்கு இது ஒரு வேலையா? இப்போதே செய்து அடுக்கிவிட்டால் நோன்பு மாதம் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம் என்று நினைத்தேன். தோல் பட்டறையில் வளர்ந்த மூளைக்கு வேறெப்படித் தோன்றும்?

காலையில் ஓட்டம், சீத்தா கேம்பிலிருந்து செம்பூர் ஸ்டேஷன் போய்த் திரும்புவது. அது முடிந்ததும் பட்டறைக்குச் சைக்கிள். பெருநாள் சரக்கில் பத்து மணி நேரம். சாயங்காலம் மாஹிம் கடலில், மிதந்து வருகிறவற்றைப் பார்த்து அருவருக்காமல், நீச்சல். ஞாயிற்றுக்கிழமை அவனோடு டிராம்பே ரோட்டில் போய், வாஷி பாலத்தைத் தாண்டி, சான்பாடாவின் சதுப்பு நிலம் வரை சைக்கிள். அவன் கியர் வைத்த சைக்கிளில் முன்னால் போவான், நான் இரும்பு சைக்கிளில் பின்னால். பேச மாட்டோம். பாலத்து ஏற்றத்தில் ஒருமுறை அவனை முந்தினேன். அன்று திரும்பும் வழி முழுக்க அவன் கியர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பதினாறாம் நாள் இருபத்துநாலு கட்டத்திலும் டிக் போட்டுவிட்டேன். பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட வேண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு வலி, படி இறங்கும்போது கம்பியால் குத்துவது போலிருக்கும். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது. இதெல்லாம் நோன்பு தொடங்கி உடம்பு ஓய்ந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, கிளப் வாசலில் வைத்து அட்டவணையை அவனிடம் நீட்டினேன். பெருமையாகத்தான் நீட்டினேன்.

"என்னது இது? மே மாசம் வரைக்கும் டிக் போட்டு வெச்சிருக்கே?"

"முடிச்சிட்டேன் சார். நாலு வாரமும்."

"முடிச்சியா? நாலு வாரத்தை ரெண்டு வாரத்துல பண்ணினா அதுக்குப் பேர் ட்ரெய்னிங் இல்லே."

"பொய்யின்னு சொல்லுதீங்களா?"

"பொய்யா இருந்தாத் தேவலை. நெஜமாப் பண்ணியிருந்தா நீ முட்டாள். உடம்பு என்ன கோடவுனா, இப்போ போட்டு வெச்சுட்டு அப்பறம் எடுத்துக்கறதுக்கு? மூஞ்சியப் பாரு, கண்ணு ரெண்டும் உள்ளே போயிடுத்து."

அவன் சொன்னது சரி என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. தப்பாகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். கிளப் வாட்ச்மேன் வேறு பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மாசம் ஒண்ணும் பண்ணாம இரு. நோன்பு முடியட்டும். ஃபாரம் தேதி போயிடும், போனா என்ன, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான்.

யோசித்துப் பார்த்தால் அது நல்ல வார்த்தைதான். அன்றைக்கு எனக்கு அது, உன் மாதிரி ஆளுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்டதாகவே காதில் விழுந்தது.

"அடுத்த வருசம் இல்ல. இந்த வருசந்தான். நோன்போடயே நீந்திக் காட்டுதேன். நீங்க வந்து எண்ணுங்க, அது போதும்."

"வேண்டாம்ப்பா. தண்ணியே குடிக்காம—"

"எண்ணுவீங்களா, மாட்டீங்களா?"

எண்ணுகிறேன் என்றான். நோன்பின் மூன்றாவது ஞாயிறு, விருந்தாளிகளை விடும் நேரம், காலை பதினோரு மணி. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நோன்போடு நீந்தலாமா என்று பள்ளிவாசலில் கேட்டால், வாய்க்குள் தண்ணீர் போகும், எதற்கு வம்பு என்பார்கள். அதனால் அங்கேயும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு வெயில் கொளுத்தியது. குளத்தின் நீளம் இருபத்தைந்து மீட்டர். எண்பது தடவை நீந்தினால் இரண்டு கிலோமீட்டர். அவன் குடை நிழலில் நாற்காலி போட்டு, மடியில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஸ்டூலில் இரண்டு கண்ணாடித் தம்ளர், எலுமிச்சை ஜூஸ், வெளியெல்லாம் வேர்த்து நின்றது. ஒன்று அவனுக்கு, மற்றது எனக்கு. மறந்து வைத்தானா, வேண்டுமென்றே வைத்தானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே என்றுதான் அன்று முடிவு செய்தேன்.

ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது என்பதால் தலையை வெளியே நீட்டி, வாயை இறுக்கி, மூக்கால் மட்டும் மூச்சுவிட்டு நீந்தினேன். அப்படி நீந்தினால் இடுப்பு தண்ணீருக்குள் தொங்கும், கழுத்து மரத்துப் போகும். முதல் முப்பது நீளம் கோபத்திலேயே போய்விட்டது. நாற்பதில் கோபம் தீர்ந்துவிட்டது. அடுக்கி வைத்திருந்தேனே இருபத்துநாலு கட்டம், அதில் ஒன்றுகூட எடுத்துச் செலவழிக்கக் கிடைக்கவில்லை. கைகள் காலியாக இருந்தன. ஐம்பதுக்கு மேல் கெண்டைக்காலில் பிடித்து இழுத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதட்டுக்கு இரண்டு விரல் கீழே, குளம் நிறைய, நீலமாக, குளிர்ந்த தண்ணீர்.

ஐம்பத்தேழாவது நீளத்தில், அவன் நாற்காலிக்கு எதிர்ப்பக்கச் சுவரைத் தொட்டுத் திரும்பும்போது, குடித்தேன். தவறி உள்ளே போகவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு மடக்கு. குளோரின் வாடை தொண்டையை எரித்தது. அதைவிட ருசியான தண்ணீரை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

அதற்கப்புறம் காப்பாற்ற ஒன்றுமில்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, கையை வீசி, ஒழுங்காக நீந்தினேன். மிச்சமிருந்த நீளமெல்லாம் சுகமாகப் போனது. அது எனக்கு அவமானமாக இருந்தது.

எழுபது தாண்டியபோது அவன் நாற்காலியில் இல்லை. குளத்தின் ஓரமாக என்னோடு கூடவே நடந்துகொண்டிருந்தான், எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு. எண்பதில் கையைக் கொடுத்து மேலே தூக்கினான். ஜூஸ் தம்ளர்களை எங்கேயோ எடுத்துப் போகச் சொல்லியிருந்தான்.

"என்னால முடியாதுப்பா. இந்த வெய்யில்ல, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம... எனக்கு இருபது நீளம்கூட முடியாது. உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தேன். வாயில் இன்னும் குளோரின் இருந்தது. அவன் உள்ளே போய் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு, கிளப் முத்திரை குத்திக் கொண்டுவந்தான். குறிப்பு எழுதும் இடத்தில் கேட்காமலேயே இரண்டு வரி இங்கிலீஷில் எழுதியிருந்தான். தமிழில் சொல்லிக் காட்டினான். இவர் ரம்ஜான் நோன்பு வைத்தபடி, தண்ணீர்கூடக் குடிக்காமல், எண்பது நீளத்தையும் நீந்தி முடித்தார், நானே சாட்சி. "இதைப் பாத்தா அவா உன்னை எப்படி வேண்டாம்பா?" என்றான். அந்தப் பக்கம் போன உறுப்பினர்கள் இரண்டு பேரை நிறுத்தி என்னைக் காட்டினான்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் பட்டறைக்கே வந்து காக்காவிடமும் சொல்லிவிட்டான். அன்று நோன்பு திறக்க வரிசையாக உட்கார்ந்தபோது காக்கா அதை எல்லோருக்கும் சொன்னார். "நம்ம பய நோன்போட ரெண்டு கிலோமீட்டர் நீந்தியிருக்கான்ல." முதல் பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். தின்றேன். வேறென்ன செய்வது?

விட்ட நோன்பைப் பின்னால் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் பிடித்தேன். அது எனக்கும் படைத்தவனுக்கும் உள்ள விஷயம், அதை நான் பார்த்துக்கொண்டேன். ஃபாரத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த இரண்டு வரியோடு அதைத் தபாலில் போட என் கை வரவில்லை, அதுவும் நோன்பு மாதத்தில். வேறு ஃபாரம் அவனிடம் இருந்தது. அந்தக் குறிப்பு வேண்டாம், நடுவில் தண்ணீர் குடித்துவிட்டேன், வெறும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டால் போதும். நீந்தியது நிஜம். தண்ணீர் குடிக்கக்கூடாது என்று போட்டி விதியில் எங்கேயும் இல்லை. அரை நிமிடப் பேச்சு.

செம்பூரிலிருந்து சயான் வரை சைக்கிளில் அந்த வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் மாட்டுங்காவில் அவன் வீட்டு வாசல் வரை போய்விட்டேன். மாடியிலிருந்து பார்த்து இறங்கி வந்தான்.

"ஃபாரம் அனுப்பிட்டியோ?"

அவன் முகத்தைப் பார்த்தேன். சைக்கிள் சீட்டோடு வந்த நாளில் சிரித்த சிரிப்பு எப்போது வேண்டுமானாலும் அந்த முகத்தில் வந்துவிடும் என்று தோன்றியது. "அனுப்பிட்டேன்" என்றேன்.

கடைசித் தேதி போயிற்று. கால் வலி மழைக்காலம் பிறந்த பிறகுதான் விட்டது. ஜூலையில் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. அவன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் பட்டறைக்கு வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, என் மேஜைக்கு முன்னால் நின்று கத்தினான். தபாலில் தொலைத்துவிட்டார்கள், இல்லை, வேண்டுமென்றே தள்ளிவிட்டார்கள், உன் பேரைப் பார்த்துத்தான் பண்ணியிருக்கான்கள், விட மாட்டேன் என்றான். அவன் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். போட்டி நடத்துகிறவர்களுக்கு, இரண்டு பக்கம், அவனே டைப் அடித்தது. இந்த மனிதருக்கு இடமில்லை என்றால் எனக்கும் வேண்டாம், என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று முடித்திருந்தான்.

"கீழே நீயும் ஒரு கையெழுத்துப் போடு" என்று பேனாவைத் திறந்து கொடுத்தான்.

ஃபாரம் அந்த மேஜை டிராயரில், ஆட்டுத்தோல் துண்டுகளுக்கு அடியில் கிடந்தது. என் முழங்காலுக்கு நேரே. டிராயரைத் திறந்தால் போதும்.

கையெழுத்துப் போட்டேன். அவன் மை காயும் வரை ஊதி, கடிதம் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். அந்த ஆளை அன்றைக்கு வெறுத்த அளவுக்கு நான் வேறு எந்த நாளும் வெறுத்ததில்லை.